பிளேஆஃப் அரையிறுதியில் நான்கு கோச்சுகள், நால்வரும் டஸ்கலூசாவில் வேலை பார்த்தவர்கள்: அலபாமாவின் பழைய ஆட்கள் பற்றிய இழை

நான்காவது டவுன்:

அமெரிக்கக் கால்பந்தின் 2025 காலேஜ் சீசனும் முடிந்து, தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லின் இறுதியாட்டமான சூப்பர் பவுலும் முடிந்துவிட்டது. டஸ்கலூசா ஊரில் இருக்கும் நம் அலபாமா பல்கலைக்கழக அணியிலிருந்து போனவர்களைப் பற்றிப் பேச ஓர் இழை தொடங்குகிறேன். வழக்கமாக இந்த மாதிரி இழையில் என்.எஃப்.எல்.லுக்குப் போன பையன்களின் கணக்குதான் ஓடும். இந்த முறை கோச்சுகளிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

தேசியக் கோப்பைக்கான பிளேஆஃப் அரையிறுதிக்கு வந்த அணிகள் இந்தியானா, மயாமி, ஓரிகன், ஓல் மிஸ் (மிசிசிப்பி பல்கலைக்கழகம்). இந்தியானாவின் கர்ட் சிக்னெட்டி 2007 முதல் 2010 வரை நம்மிடம் ரிசீவர் (பந்தைப் பிடிப்பவர்கள்) கோச், பள்ளி ஆட்டக்காரர்களைச் சேர்க்கும் ரிக்ரூட்டிங் பொறுப்பும் அவரிடம்தான். மயாமியின் மாரியோ கிறிஸ்டோபால் 2013 முதல் 2016 வரை அஃபென்சிவ் லைன் (தாக்கும் அணியின் முன்வரிசை) கோச். ஓரிகனின் டான் லானிங் 2015இல் கிராஜுவேட் அசிஸ்டென்ட் (மேல்படிப்போடு உதவும் கடைநிலை கோச்). ஓல் மிஸ்ஸின் பீட் கோல்டிங் 2018 முதல் 2022 வரை டிஃபென்ஸை, அதாவது தடுக்கும் அணியை, பார்த்துக்கொண்டவர். நான்கு பேருமே அலபாமாவின் முன்னாள் ஹெட் கோச் நிக் சேபனின் கீழ் வேலை பார்த்தவர்கள். வேறு எந்தப் பல்கலைக்கழகத்துக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

நாம் 2026 ஜனவரி 1 அன்று பிளேஆஃப் காலிறுதியான ரோஸ் பவுலில் அதே சிக்னெட்டியிடம் 38-3 என்று தோற்றோம். ஜனவரி 19 இறுதியாட்டத்தில் இந்தியானா 27, மயாமி 21. கோப்பை யார் கைக்குப் போனாலும் அது டஸ்கலூசாவில் தொழில் கற்ற ஒருவருக்குத்தான் என்று முன்பே தெரிந்திருந்தது.

சேபன் ஏழு தேசியக் கோப்பைகள் வாங்கினார். ஒன்று எல்.எஸ்.யு.வில் (லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்), ஆறு இங்கே. ஆனால் இன்னும் முப்பது வருஷம் கழித்து அவரை நினைக்கும்போது, கோப்பைகளைவிட அவர் நடத்திய அந்தத் தொழிற்கூடம்தான் பெரிதாகத் தெரியும் என்று நினைக்கிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

பழைய பெஞ்ச்:

நல்ல இழை. சிக்னெட்டி பற்றி ஒரு பழைய கதை, இளைஞர்கள் பலருக்குத் தெரிந்திருக்காது. சிக்னெட்டியின் அப்பா ஃபிராங்க் சிக்னெட்டி 1970களின் பிற்பகுதியில் வெஸ்ட் வர்ஜீனியாவின் ஹெட் கோச். அங்கே 1978, 79இல் டிஃபென்சிவ் பேக்ஸைப் பார்த்துக்கொண்ட இளம் அசிஸ்டென்ட் யார் தெரியுமா? நிக் சேபன். அப்பா ஒரு பையனுக்கு வேலை கொடுத்தார்; அந்தப் பையன் பெரிய ஆளாகி, 2007இல் மகனுக்கு வேலை கொடுத்தார். இந்தத் தொழிலில் நட்பு தலைமுறை தாண்டியும் நிற்கும்.

அலபாமாவில் அவர் செய்ததும் சின்ன வேலை இல்லை. 2008இல் வந்த ரிக்ரூட்டிங் வகுப்பில்தான் ஜூலியோ ஜோன்ஸ், மார்க் இங்ரம் எல்லாம் வந்தார்கள். 2009இல் சேபனுக்கு இங்கே முதல் கோப்பை, இங்ரமுக்கு நாட்டின் சிறந்த காலேஜ் ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது. அலபாமா வரலாற்றிலேயே முதல் ஹைஸ்மன் அதுதான். ஜூலியோவுக்குத் தினசரி பயிற்சி கொடுத்தவர் இந்தச் சிக்னெட்டி.

அதற்குப் பிறகு அவர் எடுத்த முடிவைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். 2011இல், ஐம்பது வயதைத் தொடும் நேரத்தில், நாட்டிலேயே உச்சத்தில் இருந்த அணியை விட்டுவிட்டு இரண்டாம் டிவிஷன் காலேஜ் ஒன்றுக்கு ஹெட் கோச்சாகப் போனார். பென்சில்வேனியாவில் இந்தியானா என்று ஒரு ஊர் இருக்கிறது, அந்த ஊர்ப் பல்கலைக்கழகம். அவர் அப்பாவும் அங்கே நெடுங்காலம் கோச்சாக இருந்தவர். சம்பளம் பெரிய அளவில் குறைந்தது. அங்கிருந்து ஈலான், ஜேம்ஸ் மாடிசன், அப்புறம் 2024இல் இந்தியானா மாநிலத்துப் பெரிய பல்கலைக்கழகம். 2023இல் 3-9, அதாவது 3 வெற்றி, 9 தோல்வி என்று முடித்த அணி அது. அவர் வந்த முதல் வருஷம் 11-2. இரண்டாவது வருஷம் 16-0. அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் தேசியக் கோப்பை. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நிருபர்களிடம் "நான் ஜெயிப்பவன், கூகுளில் தேடிப் பாருங்கள்" என்று சொன்னது எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்போது ஆணவம் மாதிரித் தெரிந்தது. எல்லா இடத்திலும் ஜெயித்துவிட்டு வந்தவர் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார்.

புதுசு:

வணக்கம். நான் இந்த ஆட்டத்தை இரண்டு சீசனாகத்தான் பார்க்கிறேன், அதனால் ஒரு அடிப்படைக் கேள்வி. வேறு ஊரில் வேலை போன ஹெட் கோச்சுகள் எல்லாம் அலபாமாவில் "அனலிஸ்ட்" என்று வந்து சேர்ந்ததாக அடிக்கடி படிக்கிறேன். பெரிய ஆட்கள் ஏன் அப்படிச் சின்ன வேலைக்கு வந்தார்கள்? அலபாமாவுக்கு அதில் என்ன லாபம்?

நான்காவது டவுன்:

புதுசு, நல்ல இடத்தில் கேட்டீர்கள். இந்த இழையின் மையமே அதுதான்.

காலேஜ் விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதிப்படி மைதானத்தில் நின்று பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கக்கூடிய அசிஸ்டென்ட்களின் எண்ணிக்கைக்கு வரம்பு இருந்தது. முதலில் ஒன்பது, 2018இலிருந்து பத்து. ஆனால் அலுவலகத்தில் உட்கார்ந்து எதிரணியின் வீடியோ பார்த்துக் குறிப்பெடுப்பவர்களுக்கு வரம்பு கிடையாது. அவர்கள்தான் அனலிஸ்ட். வீரர்களுக்குப் பயிற்சி கொடுக்கக் கூடாது. கோச்சுகளிடம் பேசலாம், திட்டம் போட உதவலாம். சேபன் அந்த இடத்தைத்தான் பிடித்தார். மற்றவர்கள் அங்கே காலேஜ் முடித்த பையன்களை உட்காரவைத்தபோது, இவர் நேற்றுவரை ஹெட் கோச்சாக இருந்தவர்களை உட்காரவைத்தார்.

அவர்கள் ஏன் வந்தார்கள் என்பதற்குப் பணம் ஒரு காரணம். ஒப்பந்தம் முடியும் முன் வேலையை விட்டு அனுப்பினால் பழைய பல்கலைக்கழகம் மிச்சப் பணத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். புது இடத்தில் பெரிய சம்பளம் வாங்கினால் பல ஒப்பந்தங்களில் அது கழிந்துவிடும். அதனால் சின்னச் சம்பளத்தில் வேலை செய்தாலும் நஷ்டம் இல்லை. புட்ச் ஜோன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 நவம்பரில் டென்னஸீ அவரை அனுப்பியபோது கொடுக்க வேண்டியிருந்த தொகை 80 லட்சம் டாலருக்கும் மேல். அடுத்த ஆண்டு அலபாமாவில் அவர் வாங்கிய சம்பளம் வருஷத்துக்கு 35,000 டாலர். பிறகு ஆர்கன்ஸா ஸ்டேட்டுக்கு ஹெட் கோச்சாகப் போனார்.

பணத்தைவிட முக்கியமான காரணம் பெயரை மீட்டுக்கொள்வது. ஹெட் கோச்சாக இருந்த ஸ்டீவ் சார்கீசியனை யு.எஸ்.சி. (தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) 2015இல் சீசன் நடுவிலேயே அனுப்பியது. குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்த நிலையில் யார் வேலை கொடுப்பார்கள்? 2016இல் சேபன் அனலிஸ்டாக எடுத்தார். 2019, 20இல் அஃபென்ஸ் முழுவதும் அவர் கையில். 2020 அணி தோற்கவே இல்லை. நாட்டின் சிறந்த அசிஸ்டென்ட் விருதும் அவருக்கே. அடுத்த ஆண்டு டெக்ஸஸின் ஹெட் கோச். 2023 செப்டம்பரில் நம் மைதானத்துக்கே வந்து நம்மை 34-24 என்று ஜெயித்துவிட்டுப் போனார். அன்று வயிறெரிந்தாலும் அந்த மனிதர் எழுந்து நின்றதில் எனக்குச் சந்தோஷம்தான்.

மைக் லாக்ஸ்லி, பில்லி நேப்பியர், சார்லி ஸ்ட்ராங் எல்லாம் அந்த அறையில் உட்கார்ந்தவர்கள். 2024இல் என்.சி.ஏ.ஏ. அந்த வரம்பையே எடுத்துவிட்டது. இப்போது அனலிஸ்டும் மைதானத்தில் இறங்கிச் சொல்லிக்கொடுக்கலாம். எல்லா பெரிய பல்கலைக்கழகமும் இன்று இதைச் செய்கிறது. ஆரம்பித்துவைத்தது டஸ்கலூசா.

வடக்கு ஜார்ஜியா:

ஜார்ஜியா ரசிகனாக ஒரு மறுப்பு. அலபாமாக்காரர்கள் ஜெயித்தவர்களை மட்டும் எண்ணுகிறீர்கள்.

ஜெரமி புரூயிட் உங்கள் டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர். டென்னஸீக்குப் போய் விதிமீறல் விசாரணையில் 2021 ஜனவரியில் வெளியேற்றப்பட்டார். ஜிம் மக்கெல்வெயின் ஃபுளோரிடாவில் 2015, 16 இரண்டு வருஷமும் டிவிஷனை ஜெயித்தார், மூன்றாவது வருஷம் பாதியில் வெளியே. நேப்பியரையும் அதே ஃபுளோரிடா 2025 அக்டோபரில் அனுப்பியது. சேபனின் கீழ் எல்.எஸ்.யு.விலும் என்.எஃப்.எல்.லின் மயாமி டால்ஃபின்ஸிலும் இருந்தவர்களையும் சேர்த்தால் வில் மஸ்சாம்ப், டெரக் டூலி என்று பட்டியல் நீளும். ஒரு காலத்தில் "சேபனின் அசிஸ்டென்ட்டை எடுத்தால் உருப்படாது" என்பதுதான் பொதுப் பேச்சு. 2021 அக்டோபர் வரைக்கும் அவருடைய பழைய அசிஸ்டென்ட் ஒருவர்கூட அவரை ஜெயிக்கவில்லை, 24-0. டெக்ஸஸ் ஏ அண்ட் எம்மில் ஜிம்போ ஃபிஷர் 41-38 என்று முதலில் உடைத்தார். அவரும் எல்.எஸ்.யு. காலத்து ஆள்.

எங்கள் கிர்பி ஸ்மார்ட்டையும் உங்கள் கணக்கில் எழுதாதீர்கள். ஒன்பது வருஷம் அலபாமாவில் இருந்தார், உண்மை. ஆனால் அவர் ஜார்ஜியாவில் ஆடியவர், எங்கள் பையன். 2022 ஜனவரி 10 அன்று இண்டியானாபொலிஸில் உங்களை 33-18 என்று ஜெயித்து 41 வருஷப் பசியைத் தீர்த்தார், அடுத்த வருஷமும் கோப்பை. ஊரும் பணமும் ரிக்ரூட்டிங்கும் ஜார்ஜியாவுடையது.

நான்காவது டவுன்:

தோற்றவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் பட்டியலில் ஒரு விஷயம் தெரிகிறது. முதலில் போனவர்களில் பலர் சேபன் மாதிரியே நடந்துகொள்ளப் பார்த்தார்கள்: அதே கடுகடுப்பு, நிருபர்களிடம் அதே எரிச்சல். ஜெயித்தவர்கள் முறையை மட்டும் எடுத்துக்கொண்டு தங்கள் குணத்தை வைத்துக்கொண்டார்கள். லானிங்குக்கும் சேபனுக்கும் பேச்சில் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இங்கே அஃபென்ஸைப் பார்த்துக்கொண்ட லேன் கிஃபின் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

லானிங் பற்றி இன்னொன்று. சாம் ஹியூஸ்டன் ஸ்டேட்டில் முழுநேர கோச் வேலையில் இருந்தவர், அதை விட்டுவிட்டுத்தான் 2015இல் இங்கே கிராஜுவேட் அசிஸ்டென்ட்டாக வந்தார். மனைவி, குழந்தைகள் என்று குடும்பம் இருந்த நேரத்தில் படிக்கட்டில் ஒரு படி கீழே இறங்கினார். ஏழு வருஷத்தில் ஓரிகனின் ஹெட் கோச். அவர் என்ன கற்றுக்கொள்ள அப்படி இறங்கி வந்தார் என்று யோசித்துப் பாருங்கள்.

புதுசு:

அந்த "முறை" என்றால் என்ன? எல்லோரும் பிராசஸ், பிராசஸ் என்கிறார்கள். நல்ல ஆட்களைச் சேர்த்து நன்றாகப் பயிற்சி கொடுப்பதுதானே?

பழைய பெஞ்ச்:

இதன் மூலம் அலபாமாவே கிடையாது. 1998இல் சேபன் மிஷிகன் ஸ்டேட்டில் இருந்தார். சுமாரான அணி. முதலிடத்தில் இருந்த ஒஹாயோ ஸ்டேட்டோடு ஆட வேண்டும், ஜெயிக்க வாய்ப்பே இல்லை. அங்கே மனநல மருத்துவப் பேராசிரியர் லானி ரோசன் அவரிடம் ஒரு விஷயம் சொன்னார்: ஒரு பிளே சராசரியாக ஏழு விநாடிதான் நடக்கிறது, பையன்களை ஸ்கோர்போர்டை மறந்துவிட்டு அந்த ஏழு விநாடியை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அது முடிந்தால் அடுத்த ஏழு விநாடி. 28-24 என்று மிஷிகன் ஸ்டேட் ஜெயித்தது. அதிலிருந்து சேபன் அதை விடவில்லை.

அதை ஒரு முழு அமைப்பாக மாற்றியதுதான் அவர் சாமர்த்தியம். எந்த இடத்து ஆட்டக்காரர் எத்தனை உயரம், எத்தனை எடை, கை நீளம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று அளவு இருக்கும். அந்த அளவுக்கு வெளியே யாரையாவது எடுக்க வேண்டுமென்றால் அசிஸ்டென்ட் காரணம் சொல்லி நிரூபிக்க வேண்டும். பயிற்சியில் நிமிஷத்துக்கு நிமிஷம் அட்டவணை. ஜெயித்த மறுநாளும் தோற்ற மறுநாளும் ஒரே வேலை. சிக்னெட்டியே சொல்லியிருக்கிறார், சேபனிடம் ஒரே வருஷத்தில் கற்றுக்கொண்டது அதற்கு முன் அத்தனை வருஷம் அசிஸ்டென்ட்டாக இருந்து கற்றதைவிட அதிகம் என்று. இந்தியானா இந்த வருஷம் ஆடியதைப் பார்த்தவர்களுக்கு அது புரிந்திருக்கும். 35 பாயிண்ட் முன்னணியில் இருந்தபோதும் அந்த மனிதர் முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை.

சனிக்கிழமை ரசிகை:

கோச்சுகளைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள். என்னைக் கேட்டால், அலபாமாவிலிருந்து போனவர்களில் சொல்லியே ஆக வேண்டிய கதை ஜேலன் ஹர்ட்ஸுடையது. இழையில் அவர் பெயர் இன்னும் வரவில்லையே என்று காத்திருந்தேன்.

டெக்ஸஸில் சேனல்வியூ என்ற ஊர்க்காரர். அப்பா அங்கே ஹைஸ்கூல் கோச். 2016இல் முதலாண்டு மாணவனாகவே குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஆகி, அந்த வருஷமே நம் லீக்கான எஸ்.இ.சி.யின் சிறந்த அஃபென்ஸ் ஆட்டக்காரர் விருது வாங்கினார். இங்கே ஸ்டார்ட்டராக அவர் கணக்கு 26 வெற்றி, 2 தோல்வி. அப்படிப்பட்டவரை 2018 ஜனவரி 8 அன்று அட்லாண்டாவில், தேசிய இறுதியாட்டத்தின் நடுவில், 13-0 பின்தங்கிய நிலையில் சேபன் உட்காரவைத்தார். டுவா டாங்கோவைலோவா என்ற முதலாண்டுப் பையன் இறங்கினான். ஓவர்டைமில் செகண்ட் அண்ட் 26, அதாவது இரண்டாவது முயற்சி, போக வேண்டியது 26 யார்டு. டுவா இடது கையால் 41 யார்டு எறிந்தான், டிவான்டா ஸ்மித் பிடித்தான், 26-23. நாடு முழுக்க டுவா, டுவா என்று கத்திக்கொண்டிருந்தது. ஹர்ட்ஸ் ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடித்தார். அந்த வயதில் ஒரு பையனுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

எல்லோரும் போய்விடுவார் என்றார்கள். போகவில்லை. 2018 முழுக்க மாற்று ஆளாக இருந்தார். டிசம்பர் 1, எஸ்.இ.சி. இறுதியாட்டம், அதே மைதானம், அதே ஜார்ஜியா. 28-21 என்று பின்தங்கியிருக்கும்போது நான்காவது குவார்ட்டரில் டுவாவுக்குக் காலில் அடிபட்டுவிட்டது. ஹர்ட்ஸ் வந்தார். ஜெரி ஜூடிக்கு ஒரு டச்டவுன் (பந்தைக் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் எடுக்கும் ஸ்கோர்) எறிந்து சமன் செய்தார். கடைசி நிமிஷத்துக்குச் சற்று முன் தானே 15 யார்டு ஓடி ஜெயிக்கவைத்தார், 35-28. ஆட்டம் முடிந்து பேட்டி கொடுக்கும்போது சேபனுக்கே குரல் கம்மியது. அந்த மாதமே ஹர்ட்ஸ் பட்டம் வாங்கினார். பட்டத்தோடுதான் ஓக்லஹோமாவுக்குப் போனார்.

என்.எஃப்.எல். அணிகள் வரிசையாக ஆள் எடுக்கும் டிராஃப்டில் 53ஆவது ஆள், எடுத்தது ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ். ஃபிலடெல்ஃபியாவே அன்று அந்தத் தேர்வைத் திட்டியது. 2023 சூப்பர் பவுலில் மூன்று டச்டவுன் ஓடியும் 38-35 தோல்வி. 2025 பிப்ரவரி 9, நியூ ஆர்லியன்ஸ், அதே கான்சாஸ் சிட்டி. ஈகிள்ஸ் 40-22 என்று ஜெயித்தது, ஹர்ட்ஸ்தான் ஆட்டநாயகன். அந்த ஆட்டத்தில் மூன்றாவது குவார்ட்டரில் அவர் 46 யார்டு எறிந்த டச்டவுனைப் பிடித்தது யார்? அதே டிவான்டா ஸ்மித். ஏழு வருஷத்துக்கு முன் எந்தக் கைகள் பந்தைப் பிடிப்பதை ஓரத்தில் நின்று பார்த்தாரோ, அதே கைகளுக்கு இவரே எறிந்தார். ஈகிள்ஸின் அஃபென்சிவ் லைனில் லாண்டன் டிக்கர்சனும் நம் ஆள்தான்.

நார்மன் நகர்:

அக்கா, எல்லாம் சரி. ஆனால் ஹர்ட்ஸை முழுக்க அலபாமாவுக்கு எழுதிக்கொள்ளாதீர்கள். அவர் பந்தை எறியக் கற்றுக்கொண்டது ஓக்லஹோமாவில், லிங்கன் ரைலியிடம். 2019இல் ஹைஸ்மன் ஓட்டெடுப்பில் ஜோ பர்ரோவுக்கு அடுத்து இரண்டாவது. அதே ஓக்லஹோமாவில் மேல்படிப்பையும் முடித்து 2023இல் பட்டம் வாங்கினார். ஒரே ஒரு சீசன் ஆடிய ஊருக்கு அவ்வளவு மரியாதை கொடுத்திருக்கிறார். எங்களுக்கும் அவரில் உரிமை உண்டு.

சனிக்கிழமை ரசிகை:

தம்பி, உரிமை தாராளமாக உண்டு. எறிவதை அங்கே கற்றார், ஒத்துக்கொள்கிறேன். உட்காரவைத்த பிறகும் ஒரு வருஷம் பொறுமையாக நின்றது இங்கே. எனக்கு அந்த ஒரு வருஷம்தான் பெரிது. இன்று வீரர்கள் எளிதாகப் பல்கலைக்கழகம் மாறிக்கொள்ள டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் இருக்கும் காலத்தில் அப்படி ஒரு பையன் மறுபடி நிற்பானா என்று தெரியவில்லை. நிற்க வேண்டும் என்று கேட்பதும் நியாயமில்லை, ஏனென்றால் இப்போது அவர்களுக்குச் சட்டப்படி ஊதியம் இருக்கிறது. அதனால்தான் 2018ஐ நினைத்தால் மனசு நெகிழ்கிறது.

கருஞ்சிவப்பு:

என்.எஃப்.எல்.லுக்குப் போன நம் மற்ற ஆட்கள் பற்றிச் சுருக்கமாக:

பிரைஸ் யங்கை 2024இல் இரண்டே ஆட்டத்துக்குப் பிறகு கரோலினா உட்காரவைத்தது, பையன் முடிந்தான் என்றார்கள். 2025இல் டிவிஷனை ஜெயித்துப் பிளேஆஃபுக்குக் கொண்டுபோனான். ராம்ஸிடம் 34-31 என்று கடைசி வரை போராடித்தான் தோற்றான். பேட்ரிக் சர்ட்டெயின் 2024இன் சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரர். டெரிக் ஹென்றி 30 வயதில், பால்டிமோரில், அதே 2024இல் 1,921 யார்டு ஓடினார். ஜேலன் மில்ரோ சியாட்டிலின் மூன்றாவது சுற்றுத் தேர்வு, அதிகம் ஆட வாய்ப்பில்லாமலேயே முதல் வருஷமே சூப்பர் பவுல் ஜெயித்த அணியில். அங்கே டிஃபென்ஸில் ஜாரன் ரீட், எதிரே நியூ இங்கிலாந்தில் கிறிஸ்டியன் பார்மோர், இருவரும் நம்மவர்கள்.

டுவாவுக்கு மட்டும் மோசமான வருஷம், 2025 டிசம்பரில் மயாமி டால்ஃபின்ஸ் உட்காரவைத்துவிட்டது. அவர் தலையில் வாங்கிய அடிகளைப் பார்த்தவன் என்ற முறையில், அவர் இனி ஆடாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. உடம்போடு வீட்டுக்குப் போனால் போதும்.

டெமெக்கோ ரயன்ஸை யாரும் சொல்லவில்லை. பெஸ்ஸிமர் ஊர்ப் பையன், 2005 வரை நமக்கு லைன்பேக்கர், சேபன் வருவதற்கு முந்தைய ஆள். 2023இலிருந்து ஹியூஸ்டன் டெக்ஸன்ஸின் ஹெட் கோச். வந்த வருஷமே மூன்றாவது தேர்வில் நம் வில் ஆண்டர்சனை எடுத்தார். அது வரைக்கும் உருப்படாமல் கிடந்த அணி, மூன்று வருஷமும் பிளேஆஃப் போயிருக்கிறது.

பழைய பெஞ்ச்:

ரயன்ஸை எடுத்தது நல்லது. எல்லாவற்றையும் சேபனோடு தொடங்கினால் வரலாறு பாதிதான் தெரியும். இந்த ஊரில் இது இரண்டாவது முறை நடக்கிறது.

பேர் பிரையன்ட் 1958 முதல் 1982 வரை இங்கே கோச், ஆறு தேசியக் கோப்பைகள். அவரிடம் ஆடிய டேனி ஃபோர்ட் 1981இல் கிளெம்சனுக்கு முதல் கோப்பை வாங்கிக்கொடுத்தார். அஃபென்ஸ் கோச்சாக இருந்த ஹவர்ட் ஷ்னெலன்பர்கர்தான் ஜோ நேமத்தை அலபாமாவுக்கு அழைத்துவந்தவர். அவரே 1983இல் மயாமிக்கு முதல் தேசியக் கோப்பை வாங்கிக்கொடுத்தார். எட்டு வருஷத்துக்கும் மேல் அசிஸ்டென்ட்டாக இருந்த பேட் டை ஆபர்னுக்குப் போய் நம் உயிரை வாங்கினார். டெக்ஸஸ் ஏ அண்ட் எம்மில் பிரையன்ட்டிடம் ஆடி, பிறகு இங்கேயும் அசிஸ்டென்ட்டாக இருந்த ஜீன் ஸ்டாலிங்ஸ் 1992இல் நமக்கே கோப்பை கொண்டுவந்தார்.

இந்த வருஷம் மயாமியின் கிறிஸ்டோபால் இறுதிக்கு வந்ததை இந்தக் கோணத்தில் பாருங்கள். அவர் மயாமியின் 1989, 91 கோப்பை அணிகளில் ஆடியவர். மயாமி என்ற வீட்டை முதலில் கட்டியவர் நம் பழைய கோச், இன்று அதைப் புதுப்பிப்பவர் நம் இன்னொரு பழைய கோச். எஃப்.ஐ.யு. (ஃபுளோரிடா இன்டர்நேஷனல் பல்கலைக்கழகம்) 2012இல் அவரை வேலையை விட்டு அனுப்பியபோது சேபன் எடுத்துக்கொண்டார் என்பதையும் மறக்க வேண்டாம்.

இறுதியாட்டம் மயாமியின் சொந்த மைதானத்தில். இந்தியானாவின் குவார்ட்டர்பேக், ஹைஸ்மன் வாங்கிய ஃபெர்னாண்டோ மெண்டோசா, மயாமிப் பையன். கிறிஸ்டோபால் படித்த கொலம்பஸ் ஹைஸ்கூலில் படித்தவன். நான்காவது குவார்ட்டரில், கடைசி முயற்சியான நான்காவது டவுனில் சிக்னெட்டி, உதைத்து எடுக்கும் ஃபீல்ட் கோலை விட்டுவிட்டு அவனையே ஓடவிட்டார். இரண்டு மூன்று பேர் மேலே விழ, 12 யார்டு, உடம்பைக் கிடையாக நீட்டிக் கோட்டைத் தொட்டான். நம் அணி ஆடாத இறுதியாட்டத்தில் நான் எழுந்து நின்றது அப்போதுதான்.

கருஞ்சிவப்பு:

இவ்வளவும் பெருமைதான் அண்ணா. ஆனால் பழைய ஆட்கள் நாடெங்கும் ஜெயிக்கும்போது நம் வீட்டு நிலைமை? சேபனுக்குப் பின் கேலன் டிபோர் ஹெட் கோச்சாக வந்து இரண்டு வருஷம். 2024இல் முதலிடத்தில் இருந்துகொண்டு வாண்டர்பில்ட்டிடம் 40-35. 2025 முதல் ஆட்டத்திலேயே ஃபுளோரிடா ஸ்டேட்டிடம் 31-17. எஸ்.இ.சி. இறுதியில் ஜார்ஜியாவிடம் 28-7. ரோஸ் பவுல் 38-3. அன்று எதிர்ப்பக்கம் நின்ற சிக்னெட்டியைப் பார்க்கும்போது, நாம் ஏன் நம் ஆட்களில் ஒருவரை எடுக்கவில்லை என்ற கேள்வி வராமல் இருக்குமா?

நான்காவது டவுன்:

கேள்வி வரத்தான் செய்யும். ஆனால் 2024 ஜனவரியை நினைத்துப் பாருங்கள். சேபன் 10ஆம் தேதி ஓய்வை அறிவித்தார், இரண்டு நாளில் டிபோர் வந்தார். அப்போது அவர் வாஷிங்டனைத் தேசிய இறுதிவரை கொண்டுபோய்விட்டு நேராக வந்தவர். ஹெட் கோச் மாறினால் வீரர்கள் 30 நாளுக்குள் எங்கும் போகலாம் என்ற விதி அப்போது இருந்தது. கேலப் டவுன்ஸ் ஒஹாயோ ஸ்டேட்டுக்குப் போனார். ஐசயா பாண்ட் டெக்ஸஸுக்கு. சேர்ந்து சில வாரமே ஆன ஜூலியன் சேயின் ஒஹாயோ ஸ்டேட் போய், 2025இல் ஹைஸ்மன் இறுதிப் பட்டியல் வரை வந்தார். சேயின் நம் குவார்ட்டர்பேக்காக இருந்திருந்தால் இந்த இழை வேறு மாதிரி இருந்திருக்கும்.

டிபோர் 2025இல் ஜார்ஜியாவை அவர்கள் மைதானத்திலேயே 24-21 என்று ஜெயித்தார், பிளேஆஃப் முதல் சுற்றில் ஓக்லஹோமாவை 34-24. இன்னும் ஒரு வருஷம் பொறுப்போம். ரோஸ் பவுல் தோல்வி எனக்கும் தொண்டையில்தான் நிற்கிறது, இருந்தாலும் இரண்டு வருஷத்தில் கோச்சை மாற்றும் ஊராக டஸ்கலூசா ஆகக் கூடாது. சேபன் வருவதற்கு முன் பத்து வருஷம் அப்படித்தான் அலைந்தோம்.

வடக்கு ஜார்ஜியா:

இதில் நான் உங்கள் பக்கம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பீட் கோல்டிங்கை உங்கள் ரசிகர்களே 2022 வரை தூக்கி எறிந்து பேசினார்கள். ஓல் மிஸ்ஸில் கிஃபின் நவம்பர் கடைசியில் எல்.எஸ்.யு.வுக்குப் போனதும், பிளேஆஃப் தொடங்கும் முன் அணியை அவர் கையில் கொடுத்தார்கள். சுகர் பவுலில் எங்களையே 39-34 என்று ஜெயித்தார். எனக்கு வலித்தது, ஆனால் அந்த வெற்றிக்குத் தகுதியானவர். அவருக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டியவர்கள் அலபாமாக்காரர்கள்தான்.

கருஞ்சிவப்பு:

சொல்கிறேன். 2020 கோப்பையில் அவர் டிஃபென்ஸுக்கும் பங்கு உண்டு. ஹெட் கோச் விட்டுப்போன அணியை ஒரு மாதத்தில் அரையிறுதிக்குக் கொண்டுவருவது எத்தனை பேரால் முடியும்? கோல்டிங்குக்கு வாழ்த்துகள்.

பழைய பெஞ்ச்:

கிஃபின் பேச்சு வந்ததால் ஒன்று. 2017 ஜனவரியில் இறுதியாட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது சேபன் அவரை அனுப்பினார், பிளே சொல்லும் பொறுப்பு சார்கீசியனிடம் போனது, கடைசி விநாடியில் கிளெம்சனிடம் 35-31. இப்போது ஓல் மிஸ்ஸும் பிளேஆஃபில் கிஃபினை கோச்சாக நிற்க விடவில்லை. முன்பு அனுப்பப்பட்டார், இந்த முறை தானாகவே கிளம்பினார். இரண்டு முறையும் பெரிய ஆட்டத்தை வெளியிலிருந்துதான் பார்த்தார். அவர் போய்ச் சேர்ந்திருக்கும் எல்.எஸ்.யு. நாற்காலி, 2003இல் சேபன் தன் முதல் கோப்பையை வாங்கிய நாற்காலி.

நான்காவது டவுன்:

அதுதான் இந்த வருஷம் நான் கண் வைத்திருக்கும் விஷயம். கிஃபினிடம் திறமைக்குக் குறைவில்லை, எல்.எஸ்.யு. இருக்கும் பேட்டன் ரூஜில் பணத்துக்கும் ஆட்களுக்கும் குறைவில்லை. ஒரே இடத்தில் நிலைத்து நிற்பாரா என்பதுதான் கேள்வி. சிக்னெட்டியின் இந்தியானா கோப்பையைத் தக்கவைக்குமா, கோல்டிங்கின் முதல் முழு சீசன் எப்படி இருக்கும் என்பதையும் இங்கேயே தொடர்வோம். ஸ்பிரிங் பயிற்சிச் செய்திகள் வந்ததும் இழையை மேலே கொண்டுவருகிறேன். ஏப்ரல் டிராஃப்டில் நம் பையன்கள் எங்கே போகிறார்கள் என்ற கணக்கைக் கருஞ்சிவப்பு எழுதட்டும்.